தகரப் பீப்பாயும் பினாங்கு வெயிலும்

காலையில் சமையலறை மேடையில் திடமாக நின்ற பழைய பீர் பீப்பாய், மாலையில் தொட்டால் தஞ்சாவூர் பொம்மைபோல் ஆடியது. அடிப்பக்கத் தகடு வெளியே புடைத்துவிட்டிருந்தது. உள்ளே இருந்தது பீர் அல்ல. இஞ்சிச் சாறு, சர்க்கரை, தண்ணீர், கரியமில வாயு, அவ்வளவுதான். தீபாவளிப் பலகாரங்களுக்கு ஐஸ் பெட்டியில் இடம் வேண்டுமென்று காலையில் அதை எடுத்து வெளியே வைத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தேன். பினாங்கின் ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் சன்னல்களைச் சாத்திவிட்டால் பகலில் 32 டிகிரிக்குக் குறையாது. அதே பீப்பாய், அதே அளவு வாயு. ஐஸ் பெட்டிக்குள் நான்கு நாள் அமைதியாக இருந்தது வெளியே ஒரு பகல் தாங்கவில்லை.

ஏன் தாங்கவில்லை என்பதைப் புரிந்துகொண்டால், 5 லிட்டர் மினி கெக் எனப்படும் இந்தத் தகரப் பீப்பாயை எப்படி மறுபடி பயன்படுத்தலாம், எங்கே கை வைக்கவே கூடாது என்பது இரண்டும் தெளிவாகும்.

என்னுடையது மாமா மகன் திருமண விருந்தில் காலியானது. "தூக்கிப்போட மனசு வரலப்பா, நீ எடுத்துட்டுப் போ" என்று மாமா கொடுத்தார். ஒருமுறை குடித்துவிட்டு வீசுவதற்கென்றே செய்யப்பட்ட பொருள். உள்ளே மெல்லிய பூச்சு பூசிய தகரம், மேலே ரப்பர் அடைப்பு, அடியில் இழுத்துத் திறக்கும் பிளாஸ்டிக் குழாய். குழாயைத் திறந்து, மேலே உள்ள காற்றுத் துளையையும் திறந்தால் பானம் தானாக வழியும். பீர் வெளியேறும் இடத்தில் காற்று நுழைவதால் அன்றைக்கே குடித்து முடிக்க வேண்டும். மறுநாள் சப்பென்றாகிவிடும்.

இன்னொரு வகையும் உண்டு. ஹைனெக்கன் பீர் நிறுவனம் 2005இல் அறிமுகப்படுத்திய கெக் அந்த வகை. அதற்குள்ளேயே வாயுவைத் தேக்கிய ஒரு குப்பி இருக்கும், குப்பிக்குள் கிளர்வூட்டிய கரி. இந்தக் கரியின் ஒரு கிராமில் உள்ள நுண்துளைகளின் பரப்பை விரித்தால் 500 சதுர மீட்டருக்கு மேல் போகும். வாயு மூலக்கூறுகள் அந்தச் சுவர்களில் ஒட்டிக்கொள்வதால் சிறிய குப்பிக்குள் நிறைய வாயுவை அடக்க முடிகிறது. நம் வீட்டுத் தேங்காய்ச் சிரட்டையும் இத்தகைய கரி செய்ய உதவும் நல்ல மூலப்பொருள் என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் செய்தி. ஒவ்வொரு குவளை ஊற்றும்போதும் பீப்பாயின் அழுத்தம் சற்றுக் குறையும், குப்பி அந்தக் குறையை நிரப்பும். காற்று உள்ளே வராததால் திறந்தபின்னும் 30 நாள் வரை பானம் கெடாது. இந்த வகையை மறுபயன்பாட்டுக்குப் பிரிக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. காலியான பிறகும் குப்பியில் அழுத்தம் மிச்சமிருக்கலாம், அதை மறுபடி நிரப்ப நமக்கு வழியும் இல்லை. ரப்பர் அடைப்பு உள்ள எளிய வகைதான் நமக்கு ஏற்றது.

இதில் வீட்டிலேயே பீர் காய்ச்சி ஊற்றுகிறவர்கள் உலகில் நிறையப் பேர். பிரிட்டனில் 1963 முதல் அதற்கு உரிமம் தேவையில்லை. அமெரிக்காவில் 1978இல் இயற்றிய சட்டம் அனுமதித்தது. மலேசியாவில் 1976ஆம் ஆண்டுக் கலால் சட்டப்படி உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம். ஆகவே என் பீப்பாயில் இஞ்சி சோடாதான். இதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை, ஏனென்றால் சோடாவே பீர் ஆலையில் பிறந்ததுதான். 1767இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற அறிவியலாளர் ஒரு பீர் ஆலைக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்தார். புளிக்கும் தொட்டிகளின்மேல் கனத்துத் தேங்கி நிற்கும் வாயுவில், ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றினார். நம் ஊர் மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவுக்கடை) தே தாரேக் என்னும் பால் தேநீரை ஆற்றுகிற அதே கைவேலை. தண்ணீரில் வாயு ஏறி, குடித்தால் நாக்கில் சுரீரென்றது. 1772இல் அந்தச் செய்முறையை அச்சிட்டு வெளியிட்டார்.

எவ்வளவு வாயு ஏறும்? 1803இல் வில்லியம் ஹென்றி என்ற ஆங்கில வேதியியலாளர் கண்ட விதி எளிமையானது: நீரின்மேல் அந்த வாயு எவ்வளவு அழுத்துகிறதோ, அந்த விகிதத்தில் நீருக்குள் கரையும். அழுத்தத்தை இரட்டிப்பாக்கினால் கரைவதும் இரட்டிப்பாகும். ஆனால் அந்த விகிதம் வெப்பநிலைக்கு வெப்பநிலை மாறும். சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் 0 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 1.7 லிட்டர் கரியமில வாயுவைப் பிடித்துக்கொள்ளும். 20 டிகிரியில் 0.88 லிட்டர். 30 டிகிரியில் 0.67 லிட்டர்தான். சூடு ஏற ஏற மூலக்கூறுகளின் துள்ளல் கூடுகிறது, தண்ணீரின் பிடியிலிருந்து வாயு நழுவுகிறது.

என் பீப்பாய்க் கணக்கைப் பாருங்கள். 4.7 லிட்டர் பானம் ஊற்றி, மேலே 0.3 லிட்டர் காலியிடம் விட்டிருந்தேன். உள்ளே ஏற்றியது 24 கிராம் கரியமில வாயு. ஒரு லிட்டர் வாயு சுமார் 2 கிராம் என்பதால் 12 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். லிட்டருக்கு இரண்டரை லிட்டர் வாயு, அதாவது பீரில் வழக்கமாக இருக்கிற அளவு. 4 டிகிரியில் இது சதுர செ.மீ.க்கு 0.7 கிலோ என்ற அளவில்தான் பீப்பாயை வெளிப்புறமாகத் தள்ளும். 30 டிகிரியில் அது 2.6 கிலோவுக்கு மேல் போய்விடும், கார் டயரின் அழுத்தத்தையும் தாண்டிவிடும். டயருக்கு உள்ளே இழை கோத்த தடித்த ரப்பர் இருக்கிறது. இதற்கு இருப்பது மெல்லிய தகடு.

தகட்டில் எந்த இடம் முதலில் தோற்கும்? உருளையான பக்கச்சுவர் அழுத்தத்தை வளையமாகச் சுற்றிப் பகிர்ந்துகொள்ளும். மேலும் கீழும் உள்ள தட்டையான வட்டங்களுக்கு அந்த வசதி கிடையாது. என் பீப்பாயின் குறுக்களவு 17 செ.மீ. அடித்தகட்டின் பரப்பு சுமார் 227 சதுர செ.மீ. ஐஸ் பெட்டிக்குள் அந்த வட்டத்தின்மேல் விழுவது 160 கிலோ எடைக்கு நிகரான தள்ளல். வெளியே வைத்தால் 600 கிலோ. அடித்தகடு உள்நோக்கிக் குழிவாகச் செய்யப்பட்டிருப்பதே இந்தத் தள்ளலைச் சமாளிக்கத்தான். ஓர் எல்லைக்குமேல் அந்தக் குழிவு பொத்தென்று வெளிநோக்கித் திரும்பிவிடுகிறது. அன்று நடந்தது அதுதான். ஒருமுறை வீங்கிய பீப்பாயைத் தட்டிச் சரிசெய்து மறுபடி நிரப்பக் கூடாது, மடிந்து நிமிர்ந்த தகடு பலம் இழந்த தகடு.

உண்மையில் வாயுவை அடைத்து வைத்திருப்பது குளிர்ந்த தண்ணீர்தான். தகரம் அதற்கு ஒரு துணை. ஐஸ் பெட்டிக் குளிரை மனத்தில் வைத்துப் போட்ட கணக்கை, நாம் பினாங்கு வெயிலில் புரட்டிப் பார்க்கிறோம்.

இங்கே கோலி சோடா நினைவுக்கு வருகிறது. ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1870களில் காப்புரிமை பெற்ற அந்தக் கண்ணாடிப் புட்டியில், கோலி உள்ளே இருக்கிறது. வாயு அதை மேலே தள்ளி ரப்பர் வளையத்தில் அழுத்துகிறது. அழுத்தம் கூடக் கூட மூடி இறுகும். மினி கெக்கின் ரப்பர் அடைப்போ வெளியிலிருந்து செருகுவது. அழுத்தம் கூடினால் அதைக் கழற்றப் பார்க்கும். குறைபோலத் தோன்றினாலும் இது நமக்கு நல்லது. தகடு கிழிவதைவிட ரப்பர் பிய்த்துக்கொண்டு போவது மேல். அதனால்தான் அடைப்பைக் கம்பி வைத்துக் கட்டுவது, பசை தடவுவது போன்ற யோசனைகளைக் கேட்டால் எனக்குப் பதைக்கும்.

வாயுவை ஏற்ற இரண்டு வழிகள். ஒன்று ஈஸ்ட். புளிக்கவைத்த பானத்தில் அளந்து கொஞ்சம் சர்க்கரை சேர்த்து மூடிவிட்டால், ஈஸ்ட் அதைத் தின்று வாயுவை வெளியிடும். 4 கிராம் சர்க்கரையிலிருந்து ஏறக்குறைய 2 கிராம் வாயு, அதாவது ஒரு லிட்டர். வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் இந்தக் கணக்கை வைத்துத்தான் மினி கெக்கில் சர்க்கரை போடுகிறார்கள். புட்டிக்குப் போடுவதைவிடக் குறைத்தே போடுவார்கள். தோட்டத்தில் வளர்ந்த மாமாவுக்கு இதை விளக்கியபோது உடனே பிடித்துக்கொண்டார். "கள்ளுப் பானையை யாராவது இறுக்கி மூடுவாங்களா? பொங்கி அடிச்சிடுமே!" அதேதான். பானையில் வாயு தப்பித்துப் போகிறது, பீப்பாயில் போக வழியில்லை.

இனிப்பான இஞ்சிச் சாற்றில் ஈஸ்ட் சேர்ந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். லிட்டருக்கு 50 கிராம் சர்க்கரை அப்படி ஒன்றும் அதிக இனிப்பில்லை. முழுவதும் புளித்தால் லிட்டருக்குப் பன்னிரண்டரை லிட்டர் வாயு வரும். 30 டிகிரியில் அதன் அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் 17 மடங்குக்கு மேல். தகரம் அதற்கு வெகு முன்பே கிழிந்துவிடும். சர்க்கரைப் பானத்தையும் உயிருள்ள ஈஸ்டையும் ஒன்றாக இந்தப் பீப்பாயில் மூடவே கூடாது. காற்றிலும் இஞ்சித் தோலிலும் காட்டு ஈஸ்ட் இருக்கிறது. அதனால் சாற்றைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஐஸ் பெட்டியிலேயே வைத்து, நான்கைந்து நாளில் குடித்து முடித்துவிடுகிறேன்.

இரண்டாவது வழி வாயுக் குப்பி. சோடாப் புட்டிகளுக்கான 8 கிராம் குப்பி, பீப்பாய்க் குழாய்களுக்கான 16 கிராம் குப்பி என இரண்டு அளவுகளில் வரும். உணவுக்கென்று தயாரித்ததாக இருக்க வேண்டும். சைக்கிள் டயருக்கும் காற்றுத் துப்பாக்கிக்கும் விற்பவற்றில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கலாம். கேக் சாமான் விற்கும் கடையில் அச்சு அசலாக இதேபோல் இருக்கும் கிரீம் குப்பிகளில் இருப்பது நைட்ரஸ் ஆக்சைடு, முற்றிலும் வேறு வாயு. வாங்கும்போது பெட்டியின்மேல் எழுதியிருப்பதைப் படித்தே ஆகவேண்டும்.

குப்பிக்குள் கரியமில வாயு திரவமாக இருக்கிறது. 20 டிகிரியில் அதன் அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் சுமார் 57 மடங்கு. 31 டிகிரியைத் தாண்டினால் இந்த வாயுவை எவ்வளவு அழுத்தினாலும் திரவமாக்க முடியாது. திரவம், வாயு என்ற எல்லைக்கோடே அழிந்துவிடும். ஜார்ஜ்டவுனில் ஒரு சாதாரண நண்பகலில், மேசைமேல் கிடக்கும் குப்பிக்குள் அந்த விந்தை நடந்துகொண்டிருக்கிறது. அழுத்தமும் கூடவே விறுவிறுவென்று ஏறும், ஆகவே வெயிலில் நிற்கும் காரில் குப்பிகளை விட்டுவிடாதீர்கள்.

குப்பியை ஒரே மூச்சில் திறப்பதுதான் ஆகப் பெரிய ஆபத்து. 16 கிராம் என்பது 8 லிட்டர் வாயு. அது கரைய நேரமில்லாமல் 0.3 லிட்டர் காலியிடத்தில் திணிந்தால், கணக்குப்படி அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் 27 மடங்கு. அதே வாயு குளிர்ந்த பானத்தில் முழுதாகக் கரைந்தபின் தருவது 1.1 மடங்குதான். அதனால் குப்பியை மாட்டும் குழாயின் வால்வைத் துளித்துளியாகத் திறக்க வேண்டும். முதலில் கொஞ்சம் வாயுவை விட்டு உள்ளே தேங்கிய காற்றை வெளியேற்றி, பிறகு சிறிது வாயு, சிறிது குலுக்கல், சிறிது காத்திருப்பு. குலுக்கும்போது நீரும் வாயுவும் தொடும் பரப்பு பெருகுகிறது. பானம் முன்னிரவே ஐஸ் பெட்டியில் குளிர்ந்திருக்க வேண்டும். 8 கிராம் குப்பி மூன்றுக்கு நான் ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்கிறேன். பானம் குறையக் குறைய உந்தித் தள்ள இன்னும் ஒன்றிரண்டு தேவைப்படும்.

இஞ்சியில் ஒரு சிக்கல் உண்டு. வாயுக் குமிழி சும்மா பிறக்காது, பிறக்க ஒரு சொரசொரப்பான இடம் வேண்டும். இஞ்சியின் நுண்நார் ஒவ்வொன்றும் அப்படிப்பட்ட இடம். சாதாரண வடிகட்டியில் வடித்ததை முதன்முறை ஊற்றியபோது குவளையில் பாதிக்குமேல் நுரை. பழைய வேட்டித் துணியை நான்காக மடித்து வடித்த பிறகுதான் அடங்கியது. பாலிக் பூலாவ் பக்கத்து ஜாதிக்காய்ச் சாறு இந்த வகையில் சாதுவானது, இஞ்சியோடு கால் பங்கு சேர்த்தால் மணமும் ஏறும்.

கழுவுவதில் ஒரே விதி, தேய்க்காதீர்கள். உள்பூச்சில் ஒரு கீறல் விழுந்தால், அமிலமான பானம் அந்த வழியே இரும்பைத் தொட்டுவிடும். கம்பி நார், மணல், குளோரின் வெளுப்பான் எதுவும் வேண்டாம். காலியானதும் மிச்ச வாயுவை முழுதும் வெளியேற்றி, பிறகு அடைப்பைக் கழற்றி, வெதுவெதுப்பான நீரில் சோடா உப்பு கலந்து ஊற்றி, சில மணி நேரம் ஊறவிட்டு அலசுகிறேன். அடிக்குழாயின் சிறு இடுக்கில் பழைய பானம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும், அங்கே தனியாக நீர் பீய்ச்ச வேண்டும். நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் கவிழ்த்து வைத்தாலே காயாது. மின்விசிறிக்கு முன்னால் ஓர் இரவு.

ஒவ்வொரு முறை நிரப்புவதற்கு முன்பும் டார்ச் அடித்து உள்ளே பார்க்கிறேன். பிறகு தண்ணீர் ஊற்றி இரவெல்லாம் வைத்து, காலையில் ஒரு வாய் குடித்துப் பார்க்கிறேன். இரும்புச் சுவையை நாக்கு எளிதில் காட்டிக்கொடுத்துவிடும். வீங்கியதற்குப் பதிலாக மாமா தேடிக் கொடுத்த இரண்டாவது பீப்பாய் நான்கு சுற்று வந்தது. ஐந்தாவதுக்குமுன் அடித்தையலோரம் மிளகளவு துரு தெரிந்தது. அடைப்பைப் பிடுங்கி, உள்ளே அழுத்தம் இல்லை என்று எடுக்கிறவருக்குத் தெரியும்படி வாய் திறந்தே, இரண்டையும் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்தேன்.