ஃப்ளோட்: மிதவையா, மின்னிருப்பா?

அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் மணி டிரான்ஸ்ஃபர் கடைக்காரர் ‘வாலட்டுல பேலன்ஸ் இல்ல, அப்புறம் வாங்க’ என்று கைவிரிக்கும்போது அவருடைய கல்லா நிறைந்துதான் இருக்கும். தீர்ந்தது ரொக்கமல்ல, ஃப்ளோட்: ஊருக்குப் பணம் அனுப்புவதற்காக அவர் முன்கூட்டியே கட்டி வாலட்டில் ஏற்றி வைத்திருக்கும் மின்பணம்.

மிதத்தலைக் குறிக்கும் பழைய ஆங்கில வினையிலிருந்து வந்த சொல் இது. வசூலுக்குப் போய் இன்னும் வரவாகாத காசோலைத் தொகையை வங்கிக்காரர்கள் இப்படிச் சொன்னார்கள். கடைக்காரர்களுக்கு அது கல்லாவில் காலையில் போட்டுவைக்கும் சில்லறை. 2007-ல் கென்யாவில் செல்போன் நிறுவனமான சஃபாரிகாம், செல்போன் வழியே பணம் அனுப்பும் எம்-பெசா சேவையைத் தொடங்கியது (இந்திப் பைசாதான் சுவாஹிலியில் பெசா). அங்கே முகவர் முன்கூட்டியே வங்கியில் பணம் கட்டி வாங்கி வைக்கும் மின்பணத்துக்கும் ஃப்ளோட் என்றே பெயர்.

கணக்கு எளிது. கடைக்காரரின் முதலீடு 50,000 ரூபாய்: வாலட்டில் 30,000, கல்லாவில் 20,000. பீகார் தொழிலாளி ஊருக்கு 5,000 அனுப்பினால் வாலட் 25,000, கல்லா 25,000. இப்படி ஆறு பேர் வந்துபோனால் வாலட் காலி. கல்லாவில் 50,000 சும்மா கிடக்கும். மொத்தம் மாறவில்லை, இருக்கும் பக்கம்தான் மாறியது. ஆனால் ஏழாவது ஆளின் கமிஷன் போச்சு. ஆதார் வழியாகப் பணம் எடுக்க வருபவருக்கு இது தலைகீழ்: கல்லா குறையும், வாலட் ஏறும். இரண்டு வகை ஆட்களும் சமமாக வந்தால் கடை தானாகவே ஓடும். வருவதில்லை. தொழிலாளர்களுக்கு ஞாயிறுதான் விடுமுறை. வங்கிக்கும் அன்றுதான் விடுமுறை. ரொக்கத்தை டெபாசிட் மெஷினில் கட்டவேண்டும், அல்லது வசூலுக்கு வரும் வாலட் நிறுவன டிஸ்ட்ரிபியூட்டரின் ஆளிடம் கொடுத்து வாலட்டை ஏற்றிக்கொள்ளவேண்டும். நடப்புக் கணக்கில் ரொக்கம் கட்டுவதற்கு வங்கி பிடிக்கும் கட்டணம் வேறு கமிஷனைக் கடிக்கும்.

கென்யாவிலும் இதே இழுபறிதான். சம்பாதிப்பவர்கள் பணம் கட்டும் நைரோபியில் ஃப்ளோட் வற்றும். குடும்பத்தார் எடுக்கும் கிராமத்தில் ரொக்கம் வற்றும். கிராமத்து முகவர் நகரத்து வங்கிக்குப் போய்வரும் பஸ் கூலியும் கடை பூட்டிக் கிடக்கும் நேரமும் அவர் கமிஷனிலிருந்துதான் போகவேண்டும்.

தமிழில் ‘மிதவை நிதி’ என்று போடுவது சொல்லைப் பெயர்த்ததே தவிரப் பொருளையல்ல. மிதவை என்றால் காசிமேட்டில் வலையில் கட்டுவதுதான் நினைவுக்கு வரும். ‘சுழல் நிதி’ பொருந்தும், ஆனால் அதை மகளிர் சுய உதவிக் குழுக்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டன. வாலட்டில் உள்ளதை மின்னிருப்பு, கல்லாவில் உள்ளதை ரொக்க இருப்பு, இரண்டும் சேர்ந்ததைக் கைமுதல் என்று பிரித்துச் சொன்னால் குழப்பமில்லை. ஆங்கிலச் சொல் ஒன்று என்பதற்காகத் தமிழிலும் ஒன்றே தேடவேண்டியதில்லை.

ஐஎம்பிஎஸ் (வங்கிக் கணக்குக்கு உடனடியாகப் பணம் அனுப்பும் முறை) பரிமாற்றம் ‘பெண்டிங்’ ஆகி, வாலட்டில் கழிந்தும் ஊரில் வரவாகாமல் நிற்கிறதே, பழைய வங்கிப் பொருளில் உண்மையாகவே மிதப்பது அந்தத் தொகைதான். அதை ‘வழியிலுள்ள பணம்’ எனலாம். முடிவு தெரியும்வரை அது மின்னிருப்பிலும் சேராது.