ரிப்போர்ட் நார்மல், ஆனால் காதில் இரைச்சல்

"மேடம், ரிப்போர்ட்ல நார்மல்னு போட்டுட்டாங்க. அப்போ எனக்குக் கேட்குற சத்தம் பொய்யா?"

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பிரஸ் ஷாப்பில் இருபது வருடமாக வேலை பார்ப்பவர், நான்காக மடித்த ஆடியோகிராமை, அதாவது காது எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடத்தை, என் மேசைமேல் வைத்துக் கேட்டார். ராத்திரி கரண்ட் போய் ஃபேன் நின்றால் போதும், இரண்டு காதிலும் சில்வண்டு கத்துகிறதாம்.

பொய்யில்லை. அந்தக் காகிதத்திலேயே விடை இருந்தது.

500, 1000, 2000 ஹெர்ட்ஸ் சுருதிகளில் அவருக்குக் கேட்ட மிக மெல்லிய சத்தம் 15, 15, 20 டெசிபல். சராசரி 17கூட இல்லை. 25க்குள் இருந்தால் நார்மல் என்று எழுதும் வழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. ஆனால் கோடு (டெசிபல் கூடக்கூட அது கீழே இறங்கும்) 4000 ஹெர்ட்ஸில் சடாரென்று 50க்கு இறங்கி, 8000இல் 30க்கு ஏறியிருந்தது. அந்தப் பள்ளம் சராசரிக் கணக்கில் சேரவே இல்லை! மெஷின் சத்தத்தில் பல வருடம் நின்ற காதுகளில், செவித்திறன் பரிசோதிக்கும் நாங்கள் அடிக்கடி பார்க்கும் பள்ளம் இது. உட்செவியில் அந்தச் சுருதியை உணரும் மயிர்செல்கள் சேதமானதும் அங்கிருந்து மூளைக்கு வரும் சமிக்ஞை குறைகிறது. மூளை அதை ஈடுகட்டத் தன் வால்யூமை ஏற்றிக்கொள்கிறது; இரைச்சல் அப்படித்தான் எழுகிறது என்பது இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். அவருக்குக் கேட்கும் சத்தத்தைப் பல சுருதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அதுவும் 4000ஐ ஒட்டியே வந்தது.

அதனால் 'நார்மல்' என்ற ஒரு சொல்லோடு நிறுத்தாமல் கோட்டைப் பாருங்கள். சிவப்பு வட்டம் வலது காது, நீலப் பெருக்கல் குறி இடது. கோடு கீழே போகப் போக, கேட்பதற்குச் சத்தம் கூடுதலாகத் தேவை. டெசிபல் சதவீதம் இல்லை. 50 என்று பார்த்துப் பாதிக் காது போய்விட்டதாக அழுதவர்கள் உண்டு.

கோடு முழுக்கவே நன்றாக இருந்தும் இரைச்சல் கேட்பவர்கள் இருக்கிறார்கள். வழக்கமான டெஸ்ட் 8000 ஹெர்ட்ஸோடு முடிகிறது, அதற்கு மேலேயும் காது கேட்கும். 16000 வரை பார்க்கும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

டெஸ்டுக்கு உட்காரும்போதே இரைச்சல் இருப்பதைச் சொல்லிவிடுங்கள். உள்ளே கேட்பதா, ஹெட்போனில் வந்ததா என்று குழம்பிப் பட்டனை அழுத்தினால் கோடே தப்பாகிவிடும். விட்டு விட்டு ஒலிக்கும் டோன் வைத்தால் அந்தக் குழப்பம் பெரிதும் குறையும்.

ஒரு காதில் மட்டும் இரைச்சல், இரண்டு காதின் கோட்டுக்கும் பெரிய வித்தியாசம், நாடித் துடிப்போடு சேர்ந்து அடிக்கும் சத்தம்: இவற்றுக்கு ஈ.என்.டி. மருத்துவரைக் கட்டாயம் பாருங்கள், ஸ்கேன் தேவைப்படலாம். திடீரென்று ஒரு காது மந்தமானால் அன்றைக்கே போங்கள். சளியாக இருக்கும் என்று ஒரு வாரம் காத்திருந்து வந்தவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு பிசைகிறது.

சரி, அம்பத்தூர்க்காரருக்கு வருவோம். வேலை நேரம் முழுக்கக் காதடைப்பான், ராத்திரி தலைமாட்டில் மெல்லிய மழைச் சத்தம் என்று ஆரம்பித்திருக்கிறோம். பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாமல் அடுத்த வருடம் எடுத்து வரச் சொன்னேன். இரண்டு கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அந்தப் பள்ளம் ஆழமாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.