9.820441-ல் எத்தனை இலக்கத்தை நம்பலாம்?

தனி ஊசலை, அதாவது நூலில் கட்டித் தொங்கவிட்ட குண்டை, ஆடவிட்டு புவியீர்ப்பு முடுக்கம் g-ஐக் கண்டுபிடிக்கும் சோதனை. நீளம் (L) 1 மீட்டர், 20 அலைவுக்கு ஸ்டாப்வாட்ச் காட்டியது 40.1 வினாடி. அப்படியானால் ஓர் அலைவுக்கு (T) 2.005 வினாடி. g = 4π²L/T² என்ற சூத்திரத்தில் போட்டால் கால்குலேட்டர் 9.820441 என்கிறது. ரெக்கார்டு நோட்டில் பலர் இதை அப்படியே எழுதிவிடுவார்கள். முதல் இரண்டு இலக்கங்களைத் தாண்டி எதற்கும் அந்தச் சோதனையில் ஆதாரம் கிடையாது.

மில்லிமீட்டர் கோடு போட்ட அளவுகோலில் நீளத்தை 1 மி.மீ. வரை நம்பலாம். 1000-க்கு 1, அதாவது 0.1 விழுக்காடு. தகராறு செய்வது நேர அளவீடுதான். குண்டு நடுப்புள்ளியைக் கடப்பதைக் கண் பார்த்து விரல் பொத்தானை அழுத்துவதில் 0.2 வினாடி முன்னே பின்னே ஆகிவிடும். 40 வினாடிக்கு அது 0.5 விழுக்காடு. ஆனால் சூத்திரத்தில் T இருமடியாக நிற்கிறது, அதனால் அந்தப் பிழையும் இரண்டு மடங்காகி 1 விழுக்காடாக g-க்குள் நுழைகிறது. 9.8-ல் 1 விழுக்காடு ஏறக்குறைய 0.1. ஆக, எழுத வேண்டிய விடை 9.8 ± 0.1.

20 அலைவு எண்ணச் சொல்வதும் இதற்காகத்தான். ஒரே ஓர் அலைவை அளந்தாலும் விரல் செய்யும் பிழை அதே 0.2 வினாடிதான். 2 வினாடியில் அது 10 விழுக்காடு, g-ல் 20 விழுக்காடு! பொறுமை இருந்து 50 அலைவு எண்ணினால் 0.4 விழுக்காடாகக் குறையும். நூலை இன்னும் நுணுக்கமாக அளந்து பயனில்லை. எந்த அளவில் பிழை பெரிதோ, எது சூத்திரத்தில் பெரிய அடுக்கோடு நிற்கிறதோ, அங்கேதான் கவனம் போக வேண்டும்.

பள்ளியில் விழுக்காட்டுப் பிழைகளை நேராகக் கூட்டச் சொல்வார்கள்: 3-ம் 4-ம் சேர்ந்தால் 7. ஆய்வுக்கூடங்களில் இருமடியாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுப்பது வழக்கம்: 5. ஒன்றையொன்று சாராத இரண்டு பிழைகளும் ஒரே பக்கம், அதுவும் முழு அளவில் சாய்வது அபூர்வம் என்பதே காரணம். நேராகக் கூட்டுவது தவறில்லை, கொஞ்சம் அதிகமாகப் பயப்படுகிறது, அவ்வளவுதான்.

திரும்பத் திரும்ப அளந்து சராசரி எடுத்தால் பிழை போய்விடாதா? விரலின் தடுமாற்றம் குறையும். 100 முறை அளந்தால் பத்தில் ஒரு பங்காகும். ஆனால் நீளத்தைக் குண்டின் மையம் வரை அளக்காமல் கொக்கியோடு நிறுத்திவிட்டால்? 1 செ.மீ. விடுபட்டாலே g 1 விழுக்காடு குறைந்துவிடும். ஆயிரம் முறை செய்தாலும் அதே அளவு குறைவாகவே வரும். முறையான பிழை என்பது இதுதான். சராசரி இதைத் தொடாது, தொடர்ந்து ஒரே விடை வருவதால் தைரியம் வேறு வந்துவிடும்.

அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் மில்லிகனுக்கே இது நடந்தது. சிகாகோவில் எண்ணெய்த் துளிகளை மின்புலத்தில் ஏற்றி இறக்கி எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்தார். 1913-ல் 58 துளிகளின் அளவீடுகளிலிருந்து அவர் வெளியிட்ட மதிப்பு, இன்றைய அலகில், 1.592 × 10⁻¹⁹ கூலும்; பிழை வரம்பு 0.2 விழுக்காடு, அதாவது சுமார் 0.003. இன்றைய மதிப்பு 1.602. அவர் போட்ட வரம்பைப் போல மூன்று மடங்குக்கு மேல் தள்ளி இருக்கிறது.

துளிகளிடம் கோளாறு இல்லை. துளி விழும் வேகத்திலிருந்து அதன் ஆரத்தைக் கணக்கிடக் காற்றின் பாகுநிலை, அதாவது துளியின் ஓட்டத்தைக் காற்று எவ்வளவு தடுக்கிறது என்பதைக் காட்டும் எண், தேவை. அவர் எடுத்துக்கொண்ட பாகுநிலை மதிப்பு சுமார் 0.4 விழுக்காடு குறைவு. எல்லாத் துளிக்கும் அதே எண்தான். 1930-களில், எக்ஸ் கதிர் வழியாகக் கிடைத்த மின்னூட்டம் இதோடு ஒத்துப்போகாததால்தான் பாகுநிலையை மறுபடி அளந்தார்கள். மில்லிகனின் சூத்திரத்தில் பாகுநிலை ஒன்றரை அடுக்கோடு நிற்கிறது. 0.4-ஐ ஒன்றரையால் பெருக்கினால் 0.6 விழுக்காடு, 1.592-ஓடு அதைக் கூட்டிப் பாருங்கள், 1.602 வந்துவிடும்.