முதல் வருஷ ஃபீஸை மட்டும் பாத்து காலேஜ்ல சேத்துடாதீங்க

கோத்தகிரியில ஒரு பேங்க்ல கல்விக் கடன் பாக்குற ஆபீசரா இருக்கேன், அதுக்கு முன்னாடி மூணு வருஷம் கூடலூர்ல இருந்தேன். மே மாசம் பிளஸ் டூ ரிசல்ட் வந்ததுல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் என் டேபிள் முன்னாடி ஏதாவது ஒரு அப்பாவோ அம்மாவோ பிள்ளையைக் கூட்டிட்டு உக்காந்திருக்காத நாளே கிடையாது. ஆனா வரும்போதே கையில ரசீது இருக்கும், அட்மிஷன் போட்டிருப்பாங்க, அட்வான்ஸும் கட்டியிருப்பாங்க, இனி லோன் மட்டும் கொடுங்கன்னு கேப்பாங்க. ரெண்டு மாசம் முன்னாடி வந்திருந்தா சொல்லியிருக்கலாமேன்னு எனக்கு மனசு அடிச்சுக்கும். அப்படி சொல்லாம போனதைத்தான் இங்க எழுதுறேன்.

போன வருஷம் ஜூன்ல, நல்ல மழை, சோலூர்மட்டம் பக்கத்துல இருந்து ஒரு அப்பா மகளோட வந்தார். முக்கால் ஏக்கர் டீ, அது போக கூலி வேலை. சட்டைப் பையில இருந்து பிளாஸ்டிக் கவர்ல சுத்தி வச்சிருந்த ஒரு சின்ன நோட்டை எடுத்தார், பேக்டரிக்கு இலை போட்டா கிலோ எழுதிக் கொடுப்பாங்களே அந்த நோட்டு. முன்பக்கம் முழுக்க தேதியும் எடையும். கடைசிப் பக்கத்துல பென்சில்ல ஒரே ஒரு வரி, "ஃபீஸ் 40,000 ஸ்காலர்ஷிப் போக". பாப்பாவோட கட் ஆஃப் நல்லா இருக்குன்னு பாதி ஃபீஸ் குறைச்சுட்டாங்க மேடம், எங்களால முடியும்ங்கன்னு சொன்னார். அவர் முகத்துல இருந்த சந்தோஷத்தைப் பாத்தா கேள்வி கேக்கவே எனக்கு வாய் வரல, ஆனா கேக்காம விடுறதுதான் பாவம்.

ஹாஸ்டல் எவ்வளவுண்ணா, மெஸ் பில் அதுல சேந்ததா தனியா, எக்ஸாம் ஃபீஸ், ட்ரெய்னிங் ஃபீஸ், யூனிஃபார்ம், லேப்டாப், மாசம் ஒரு தடவை ஊருக்கு வந்து போற பஸ் காசுன்னு ஒண்ணொண்ணா கேட்டு அதே பக்கத்துல கீழ எழுதிக்கிட்டே வந்தோம். ஹாஸ்டலும் மெஸ்ஸும் 75,000, மத்ததெல்லாம் சேந்து 20,000. முதல் வருஷமே 1,35,000. அப்புறம் அந்தப் பொண்ணையே காலேஜுக்கு போன் பண்ணி, ஸ்காலர்ஷிப் நாலு வருஷமும் உண்டான்னு கேக்கச் சொன்னேன். முதல் வருஷம் நிச்சயம், அதுக்கப்புறம் அரியர் ஒண்ணு கூட இல்லாம, பத்துக்கு எவ்வளவுன்னு போடுற சராசரி மார்க்கான சிஜிபிஏ 8க்கு மேல இருந்தாதான்னு பதில் வந்துச்சு. அது நின்னா ரெண்டாவது வருஷத்துல இருந்து வருஷம் 1,75,000. நாலு வருஷத்துக்கு கூட்டினா 6,60,000. நாலு வருஷமும் ஸ்காலர்ஷிப் கிடைச்சாலே 5,40,000. அந்த அப்பா பென்சிலை கீழ வச்சுட்டு கொஞ்ச நேரம் பேசல. பச்சைத் தேயிலைக்கு கிலோ 20 ரூபா கூட நிக்காத மாசங்களைப் பாத்தவங்க அவங்க, அந்தத் தொகைக்கு எத்தனை மூட்டை இலைன்னு அவருக்கு என்னை விட நல்லா தெரியும்.

ஸ்காலர்ஷிப்னு சொன்னதும் அது எத்தனை வருஷத்துக்கு, எந்த மார்க் குறைஞ்சா நிக்கும், எந்த ஃபீஸ்ல கழியும்னு மூணையும் கேளுங்க, வாய்ல சொன்னா போதாது, காலேஜ் லெட்டர்ஹெட்ல எழுதி வாங்குங்க. தர முடியாதுன்னா அதுவும் ஒரு பதில்தான்.

இதை விட எனக்கு முக்கியமாப் படுற விஷயம், பணத்தையும் பிள்ளை அங்க வாழப்போற வாழ்க்கையையும் நம்ம ஆளுங்க தனித்தனியா யோசிக்கிறாங்க. ஃபீஸ் அப்பாவோட கவலை, ஹாஸ்டல் சாப்பாடு அம்மாவோட கவலைன்னு பிரிச்சு வச்சிடுறாங்க. நான் பாத்த கேஸ்ல ரெண்டும் ஒண்ணுதான். கீழ்கோத்தகிரி பக்கம் ஒரு தம்பி, நல்ல படிப்பு, கோயம்புத்தூர்ல ஒரு தனியார் காலேஜ்ல ஸ்காலர்ஷிப்போட சீட். ஹாஸ்டல் காசை மிச்சம் பிடிக்கலாம்னு சித்தி வீட்ல தங்க வச்சாங்க, அது ஊரோட இன்னொரு கோடி, ரெண்டு பஸ் மாறிப் போகணும், காலையில ரெண்டு மணி நேரம் சாயங்காலம் ரெண்டு மணி நேரம். கைச்செலவுக்குன்னு ஞாயித்துக்கிழமை ஒரு மொபைல் கடையில வேற நின்னிருக்கான். முதல் செமஸ்டர்ல ரெண்டு அரியர். ஸ்காலர்ஷிப் நின்னு போச்சு. ஹாஸ்டல்ல மிச்சம் பிடிச்ச காசை விட போன ஸ்காலர்ஷிப் ஜாஸ்தி, அதுக்கு மேல பையன் மனசு உடைஞ்சு போய் ரெண்டாவது வருஷ லோனுக்கு என் முன்னாடி தலை குனிஞ்சு உக்காந்திருந்தான். அவன் மேல எந்தத் தப்பும் இல்ல, நாலு மணி நேரம் பஸ்ல நின்னுட்டு வர்றவன் எப்பங்க படிப்பான்.

நம்ம மலைப் பிள்ளைங்களுக்கு கீழ போனா இன்னும் சில கஷ்டம் இருக்கு, அதை யாரும் பெருசா எடுத்துக்கிறதில்ல. பொறந்ததுல இருந்து கம்பளி போத்தித் தூங்கின பிள்ளை மார்ச் ஏப்ரல்ல ஒரு ரூம்ல நாலு பேர் அஞ்சு பேரோட ஒரே ஃபேனுக்கு கீழ தூங்கணும், செமஸ்டர் பரீட்சை அந்த வெயில்லதான் வரும். தமிழ் மீடியத்துல படிச்ச பிள்ளைக்கு முதல் மூணு மாசம் கிளாஸ்ல இங்கிலீஷ் காதுலயே ஏறாது. அதனால ஹாஸ்டலை நேர்ல போய்ப் பாருங்க, காலேஜ்காரங்க கூட்டிட்டுப் போற நேரத்துல மட்டும் பாக்காதீங்க, ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்குப் போய் மெஸ்ல உக்காருங்க. ரெண்டாவது வருஷம் படிக்கிற ஒரு பிள்ளைகிட்ட, கண்ணு இங்க தண்ணி எத்தனை மணிக்கு வரும், காய்ச்சல் வந்தா யாரு ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போவாங்க, வார்டன் போன் எடுப்பாங்களான்னு கேளுங்க, உண்மையைச் சொல்லிடும். லைப்ரரி ராத்திரி எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்கும்னும் கேளுங்க, ரூம்ல படிக்க முடியாத பிள்ளைக்கு அதுதான் கதி. ராகிங் தொந்தரவு வந்தா 1800-180-5522ங்கிற இலவச நம்பரை பிள்ளையோட போன்ல முதல் நாளே ஏத்தி விடுங்க.

அரசாங்கம் கொடுக்குற உதவி நிறைய இருக்கு, அதை விட்டுட்டு தனியார் காலேஜ் விளம்பரத்துல வர்ற ஸ்காலர்ஷிப் பின்னாடி ஓடுறதைப் பாத்தா எனக்கு வயிறு எரியும். ஆறாம் வகுப்புல இருந்து பிளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்ச பிள்ளைக்கு இன்ஜினியரிங், விவசாயம், சட்டம் மாதிரி படிப்புகள்ல 7.5 சதவீத இட ஒதுக்கீடு 2021ல இருந்து இருக்கு, அதுல சீட் கிடைச்சா கல்விக் கட்டணம், ஹாஸ்டல், கவுன்சலிங் கட்டணம் எல்லாத்தையும் அரசாங்கமே ஏத்துக்குது. ஹாஸ்டலும் சேத்துன்னு மறுபடியும் சொல்றேன், ஏன்னா நிறைய பேருக்கு அது தெரியாது. ஒரு அம்மா, நல்ல மார்க் வரட்டும்னு பதினொண்ணாவதுல பையனை மேட்டுப்பாளையத்துல தனியார் பள்ளிக்கு மாத்திட்டாங்க, கடன் வாங்கித்தான். அந்த ரெண்டு வருஷத்தால ஒதுக்கீடு மொத்தமும் போச்சு. பத்தாவது முடிக்கப் போற பிள்ளை வீட்ல இருந்தா இதை இப்பவே யோசிங்க.

வீட்ல இதுவரைக்கும் யாரும் டிகிரி முடிக்கலைன்னா முதல் பட்டதாரி சலுகை, கவுன்சலிங்ல வர்ற சீட்டுக்கு தனியார் இன்ஜினியரிங் காலேஜ்ல வருஷம் 25,000 வரைக்கும் கல்விக் கட்டணம் குறையும். மேனேஜ்மென்ட் கோட்டாவுல சேந்தா அது கிடையாது. அக்காவோ அண்ணனோ ஏற்கெனவே டிகிரி முடிச்சிருந்தாலும் கிடையாது. அரசுப் பள்ளிப் பொண்ணுங்களுக்கு 2022ல இருந்து புதுமைப்பெண், பசங்களுக்கு 2024ல இருந்து தமிழ்ப்புதல்வன், ரெண்டுலயும் மாசம் 1,000 ரூபா நேரா பிள்ளை அக்கவுண்டுக்கு வரும், வேற ஸ்காலர்ஷிப் வாங்கினாலும் இது நிக்காது. மலையில பஸ் ஏறிப் போற பிள்ளைக்கு அந்த ஆயிரம் சின்னத் தொகை கிடையாதுங்க. எஸ்சி எஸ்டி பிள்ளைங்களுக்கு குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள்ள இருந்தா போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் இருக்கு. பந்தலூர், சேரம்பாடி பக்கத்துல பணியர், காட்டுநாயக்கர் பிள்ளைங்களுக்கு இது ரொம்ப முக்கியம், ஆனா எஸ்டி சாதிச் சான்றிதழ் வருவாய்க் கோட்டாட்சியர் ஆபீஸ்ல இருந்து வரணும், நேரம் எடுக்கும், அது கையில இல்லாம கவுன்சலிங் தேதி தாண்டிப் போன பிள்ளையை நானே பாத்திருக்கேன்.

இதெல்லாம் போக பத்தாத தொகைக்குத்தான் லோன். 4 லட்சம் வரைக்கும் சொத்து அடமானமும் வேண்டாம், நம்ம கையில இருந்து பங்கும் போட வேண்டாம். 7.5 லட்சம் வரைக்கும் மத்திய அரசோட கடன் உத்தரவாதத் திட்டத்துல அடமானம் இல்லாம கொடுக்கலாம். இதை கூடலூர் ஆளுங்களுக்கு அழுத்திச் சொல்றேன். ஜென்ம நிலம், செக்‌ஷன் 17 நிலம்னு பட்டா இல்லாம தலைமுறையா இருக்குறவங்க, டான்டீங்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்ல இருக்குற, இலங்கையில இருந்து தாயகம் திரும்பின குடும்பங்க, எங்களுக்கு யாரு சார் லோன் தருவான்னு பேங்க் படியே ஏறாம வட்டிக்காரர்கிட்ட போயிடுறாங்க. இந்தத் தொகைக்கு பட்டா கேக்கவே தேவையில்ல, கேட்டா ஏன்னு கேளுங்க. ஹாஸ்டல், புத்தகம், லேப்டாப் செலவையும் லோன்லயே சேக்கலாம், ஆனா ரசீது இல்லாத நன்கொடைக்கு ஒரு பைசா வராது.

வட்டியையும் தெரிஞ்சுக்கோங்க. வருஷம் ஒரு லட்சம் வீதம் நாலு வருஷம் வாங்கினா, 10 சதவீதம்னு வச்சுக்கிட்டா, படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சு திருப்பிக் கட்ட ஆரம்பிக்கும்போது 4 லட்சம் 5,40,000 ஆகியிருக்கும். பத்து வருஷத்துல கட்டினா மாசம் 7,100 சொச்சம். குடும்ப வருமானம் வருஷம் 4.5 லட்சத்துக்குள்ள இருந்து, நாக் (NAAC), என்பிஏ (NBA)ங்கிற தர அங்கீகாரத்துல ஏதாவது ஒண்ணு இருக்குற இடத்துல தொழிற்கல்வி படிச்சா அந்த 1,40,000 வட்டியை மத்திய அரசே கட்டும், அப்ப மாசம் 5,300க்குள்ள முடியும். அதனாலதான் அங்கீகாரம் இருக்கான்னு சேர்றதுக்கு முன்னாடி பாருங்கன்னு கத்துறேன், அது கௌரவத்துக்கு இல்ல, உங்க பொண்ணோட முதல் சம்பளத்துல இருந்து போற காசு. மேனேஜ்மென்ட் சீட்டுன்னா இந்த மாதிரி சலுகைகள் பெரும்பாலும் அடிபட்டுப் போகும்.

அட்வான்ஸ் கட்டிட்டோம், ஒரிஜினல் சர்டிபிகேட்டும் கொடுத்துட்டோம், இனி மாற முடியாதேன்னு பயப்படுறவங்களுக்கு ஒண்ணு, ஒரிஜினலை காலேஜ் பிடிச்சு வச்சுக்கக் கூடாதுன்னு பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசி தெளிவா சொல்லியிருக்கு, சேர்க்கைக் கடைசித் தேதிக்கு முன்னாடியே விலகினா கட்டின ஃபீஸ்ல பெரும்பகுதி திரும்பக் கிடைக்கணும்ங்கிறதும் விதி. எழுத்து மூலமா கேளுங்க.

அந்த சோலூர்மட்டம் பொண்ணு அன்னைக்கு வெளிய போகும்போது, மேடம் ஊட்டி ஆர்ட்ஸ் காலேஜ்ல மேத்ஸ் கிடைச்சா வீட்ல இருந்தே போகலாம்ல, அதுல என்ன தப்புன்னு கேட்டா. அப்பாதான் இன்ஜினியரிங்னு ஊர்ல சொல்லிட்டாராம். ஸ்டோன் ஹவுஸ்ல 1955ல இருந்து நடக்குற அரசுக் கலைக் கல்லூரி அது, ஒண்ணும் தப்பில்லம்மான்னு சொன்னேன், ஆனா தினம் பஸ் நேரத்தையும் மழைக்காலத்துல ரோட்டுல மண்ணு சரிஞ்சா என்ன பண்ணுவன்னும் அதே நோட்டுல எழுதிப் பாக்கச் சொன்னேன். கவுன்சலிங்குக்கும் போனாங்க, ரெண்டு பக்கமும் கணக்கு போட்டாங்க, கடைசியில முதல் பட்டதாரி சலுகையோட கவுன்சலிங் சீட்ல கோயம்புத்தூர்ல வேற காலேஜ்ல சேந்தா, ஹாஸ்டல் காம்பவுண்டுக்கு உள்ளயே. லோன் நான்தான் போட்டேன், 3,60,000. முன்னாடி கட்டின 5,000 அட்வான்ஸை ரெண்டு லெட்டர் எழுதித் திருப்பி வாங்கினாங்க.

பிளஸ் டூ ரிசல்ட்டுக்குக் காத்திருக்காம சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் மூணுக்கும் இ சேவை மையத்துல ஏப்ரல்லயே போட்டு வைங்க. ஜூன்ல மழை ஆரம்பிச்சா இங்க கரண்டும் நெட்வொர்க்கும் ஒண்ணா போகும், மையத்து வாசல்ல குடையோட நிக்கிற வரிசை ரோடு வரைக்கும் வரும்.