விடுமுறையில் எது மறக்கும், எது மறக்காது

பள்ளி திறந்த முதல் வாரம் நான் பாடம் தொடங்குவதில்லை. ஆளுக்கொரு தாள் கொடுத்து நாலு கணக்குப் போடச் சொல்வேன். அதில் ஒன்று 52 − 27. நாலாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலராவது 35 என்று எழுதாத வருடம் இல்லை.

இது கவனக்குறைவு இல்லை. இரண்டில் ஏழு போகாது. சரி, ஏழில் இரண்டைக் கழித்துவிடுவோம், 5. ஐந்தில் இரண்டு போனால் 3. கடன் வாங்கிக் கழிக்கிற வேலை மட்டும் மனதிலிருந்து கழன்றுவிட்டது. "போன வருஷம் நல்லாத்தானே போட்டான் மிஸ்?" என்று அம்மாக்கள் பதறுவார்கள். ஆமாம், நன்றாகத்தான் போட்டான்.

அமெரிக்காவில் ஹாரிஸ் கூப்பரும் உடன் பணியாற்றியவர்களும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி 1996இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கோடை விடுமுறையில் சராசரியாக ஒரு மாதப் படிப்பு நழுவுகிறது என்றது அது. அளவு இவ்வளவுதானா என்று பின்னால் வந்தவர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியம் எது நழுவுகிறது என்பது. அதிகம் அடிவாங்குபவை கணக்குப் போடும் முறையும், பிழையில்லாமல் எழுதுவதும். யோசித்தால் நியாயம்தான். பெயர்ப்பலகை, டிவியில் ஓடும் எழுத்து என்று வாசிப்பு எப்படியாவது கண்ணில் படும். கடன் வாங்கிக் கழி என்று விடுமுறையில் யார் கேட்கப்போகிறார்கள்?

உடனே தடிமனான பயிற்சிப் புத்தகம் வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். அந்தப் புத்தகங்கள் திரும்பி என் மேசைக்குத்தான் வருகின்றன. முதல் பத்துப் பக்கம் முத்து முத்தான கையெழுத்து. நடுவில் வெறுமை. கடைசி முப்பது பக்கம் ஒரே பேனா, ஒரே அவசரம். பள்ளி திறப்பதற்கு முந்தின ராத்திரி வேலை. சில பக்கங்களில் அப்பாவின் கையெழுத்தும் தெரியும்.

முப்பது கணக்கை ஒரே நாளில் போடுவதைவிட, இரண்டு நாளைக்கு ஒருமுறை மூன்று கணக்குப் போடுவது மேல். கொஞ்சம் மறக்க விட்டு, பிறகு தானாக நினைவுக்குக் கொண்டுவர வைப்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டுவிட்டுப் பத்து நொடி சும்மா இருங்கள். நமக்கு அந்தப் பத்து நொடிதான் கஷ்டம்; வாய் முந்திக்கொண்டு விடையைச் சொல்லிவிடும். வாய்ப்பாட்டைப் பத்துத் தடவை பார்த்து எழுத வைப்பதைவிட, பார்க்காமல் ஒருமுறை தடுமாறிச் சொல்லவிடுவது நல்லது.

வாசிப்புக்கு வேறு கணக்கு. 3 முதல் 5ஆம் வகுப்புவரை உள்ள பிள்ளைகளை வைத்து ஜேம்ஸ் கிம், தாமஸ் ஒயிட் இருவரும் செய்த ஆய்வு 2008இல் வந்தது. விடுமுறைக்குப் புத்தகம் மட்டும் கொடுத்த பிள்ளைகளிடம் சொல்லும்படியான முன்னேற்றம் இல்லை. புத்தகத்தோடு, எப்படிப் படிப்பது என்று ஆசிரியர் சொல்லிக்கொடுத்து, வீட்டிலும் சத்தமாகப் படித்துக் காட்டிப் பேசியபோது பலன் தெரிந்தது. ஆக, புத்தகத்தைக் கையில் திணித்துவிட்டு நாம் போனைப் பார்க்க உட்கார்ந்தால் ஆகாது. ஒரு பக்கம் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். நாலைந்து வார்த்தைக்கு மேல் திக்கினால் இன்னும் எளிதான புத்தகம் கொடுங்கள். எது என்பதை அவர்களே எடுக்கட்டும், படக்கதையா, பரவாயில்லை. "என்ன புரிஞ்சுது?" என்று மட்டும் கேட்காதீர்கள், பரீட்சை வாடை அடிக்கும். "அவன் ஏன் அப்படிப் பண்ணினான்?" என்று கேட்டால் பிள்ளை பேசும்.

முதல் இரண்டு வாரம் இதுகூட வேண்டாம் என்பது என் கட்சி. தூங்கட்டும், விளையாடட்டும், கொஞ்சம் போரடிக்கவும் செய்யட்டும்.

போன வருடம் ஒரு பையன் வீட்டில் விடுமுறை முழுக்கச் சீட்டாட்டம். ஆளுக்கு 100 புள்ளியில் தொடங்கி, தோற்கத் தோற்கக் கழித்துக்கொண்டே வர வேண்டும். கணக்கு எழுதும் பொறுப்பு அவனுக்கு. பள்ளி திறந்ததும் என் தாளில் 35 என்று எழுதினான். கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தான். அடித்துவிட்டு 25 என்று எழுதினான்.

"ஏம்ப்பா அடிச்சே?"

"இப்படிப் போட்டா பத்துப் புள்ளி ஏமாத்திட்டேன்னு அக்கா சண்டைக்கு வருவா மிஸ்."