ஒரே சிம்மு, ஒரே மாடி, ஒரு போன் மட்டும் ஏன் நொண்டுது?

பென்னாகரம் பக்கத்துல எங்க சித்தப்பா வீடு. அவர் பையன் அமெரிக்கால வேலை பாக்கறான், பொங்கலுக்கு வந்தப்ப அங்க அவன் யூஸ் பண்ணிட்டு இருந்த போனை எனக்குன்னு எடுத்துட்டு வந்தான், வாங்கறப்ப நம்ம காசுக்கு அறுபதாயிரத்துக்கு மேல ஆச்சாம். சிம்மை மாத்திப் போட்டேன், கால் பேச முடிஞ்சுது, டவர் நாலு பாயிண்டும் காட்டுச்சு, ஆனா நெட்டு மட்டும் நகரவே மாட்டேங்குது, ஒரு வீடியோ தொட்டா வட்டம் சுத்திக்கிட்டே கெடக்குது. அதே சிம்மைக் கழட்டி எங்கப்பாவோட பத்தாயிரம் ரூவா போன்ல போட்டா பிச்சுக்கிட்டுப் போகுது. "அங்க இது பறக்கும்ண்ணா, உங்க ஊர் டவர்தான் சரியில்ல"ன்னு அவன் சொல்றான். டவர் சரியில்லன்னா எங்கப்பா போனுக்கு மட்டும் எப்படிடா சரியாச்சு?

போன்ல கோளாறு இல்ல, டவர்லயும் இல்ல. ரெண்டும் பேசிக்கற பேண்டுதான் விஷயம்.

போனும் டவரும் பேசறது ரேடியோ அலைல. ரேடியோல ஸ்டேஷன் மாத்தற மாதிரி இதுலயும் அலைவரிசை இருக்கு, அதைத்தான் பேண்டுன்றாங்க, ஆனா ஒன்னு ரெண்டு இல்ல, உலகம் முழுக்கப் பாத்தா ஏகப்பட்டது, ஒவ்வொன்னுக்கும் ஒரு நம்பர். நம்ம நாட்டுல 4ஜிக்கு ஓடறது முக்கியமா பேண்ட் 1, அதாவது 2100 மெகாஹெர்ட்ஸ், பேண்ட் 3ன்னா 1800, பேண்ட் 5ன்னா 850, பேண்ட் 8ன்னா 900, பேண்ட் 40ன்னா 2300, பேண்ட் 41ன்னா 2500. ஜியோவோட 4ஜி 850, 1800, 2300 இந்த மூனுல. ஏர்டெல் 900, 1800, 2100, 2300. வி, அதான் வோடஃபோன் ஐடியா, 900, 1800, 2100, 2500. பிஎஸ்என்எல் 4ஜிக்கு 700ம் 2100ம். இது நாட்டுக்கணக்கு, எந்த டவர்ல எது மாட்டியிருக்குன்றது ஊருக்கு ஊர் மாறும். நம்பருக்கும் மெகாஹெர்ட்ஸுக்கும் சம்பந்தமே இருக்காது, யார் எப்ப கேட்டாங்களோ அந்த வரிசைல வச்ச பேரு மாதிரி இருக்கும், அதுல லாஜிக் தேடாதீங்க.

இப்ப இதுல எது நல்ல பேண்ட்னு கேட்டா பதில் இல்ல. எங்க ஊர் மாரியம்மன் பண்டிகைல ஸ்பீக்கர் வச்சு ரேடியோ செட்டு கட்டுவாங்க இல்ல, ரெண்டு கிலோமீட்டர் தள்ளி காட்டுல படுத்திருந்தா என்ன கேக்கும்? பாட்டு கேக்காது, பாடறவங்க குரல் கேக்காது, டும் டும்னு அடி மட்டும் கேக்கும். கனத்த சத்தம் மேடு பள்ளம் சுத்தி வளைஞ்சு வந்துரும், கீச்சு சத்தம் வழிலயே காணாமப் போயிரும். ரேடியோ அலையும் கிட்டத்தட்ட அப்படித்தான். 700 மெகாஹெர்ட்ஸ்ல ஒரு அலையோட நீளம் 43 செண்டிமீட்டர், ஒன்னரை அடிக்குக் கொஞ்சம் கம்மி, 3500ல அது எட்டரை செண்டிமீட்டர்தான், நாலு விரலை ஒட்டி வச்ச அகலம்னு வச்சுக்கங்க. நீளமான அலை மலை முனைல வளைஞ்சு அந்தப் பக்கம் கொஞ்சம் இறங்கும், செவுத்துக்குள்ள பூந்து வரும், மாந்தோப்பு எலை தழையெல்லாம் தாண்டும். குட்டை அலைக்கு அந்த சாமர்த்தியம் இல்ல. வெட்டவெளில, ரெண்டு பக்கமும் சாதாரண ஆன்டெனா வச்சுப் பாத்தாக்கூட, அதே தூரத்துல 3500ல வந்து சேர்ற சிக்னல் 700ல வர்றதைவிட 25 மடங்கு கம்மியா இருக்கும்.

நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இது சும்மா படிச்சுட்டுப் போற விஷயம் இல்ல. இங்க எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பாறை மலை நிக்குது. சித்தேரி, வத்தல்மலை, அஞ்செட்டி பக்கம் காடு, தொப்பூர் கணவாய். கருங்கல்லு மலைக்குள்ள பூந்து எந்த அலையும் வராது, மேல வளைஞ்சு வந்தாத்தான் உண்டு, அதனால மலைக்கு அந்தாண்ட ஊருக்கு 700, 850, 900 இந்த மாதிரி கீழ்ப் பேண்ட்தான் சோறு போடும். கொல்லையில தகர ஷெட்டுக்குள்ள போனா டவர் போயிருதேன்னு பொலம்புவாங்க, தகரம் எல்லா அலையையும் திருப்பி அடிச்சுரும், அதுக்கு எந்த பேண்டும் மருந்து இல்ல, வெளிய வந்து பேசுங்க.

அப்ப எல்லாத்தையும் கீழ்ப் பேண்ட்லயே ஓட்டிட வேண்டியதுதானேன்னு தோணும். அங்கதான் மாட்டிக்கும். தக்காளிக் காட்டுக்கு சொட்டுநீர் டியூப் எவ்ளோ தூரம் வேணா இழுக்கலாம், ஆனா அதுல கே.ஆர்.பி. டேம் வாய்க்கால் தண்ணி போகுமா? நெட் ஸ்பீடுக்குத் தேவை அலைவரிசையோட அகலம். பேண்ட் 5ல டவர்லருந்து போனுக்கு வர்ற பக்கம் மொத்த அகலமே 25 மெகாஹெர்ட்ஸ், அதையும் கம்பெனிகள் பங்கு போட்டுக்கணும், ஒருத்தர் கைல அஞ்சோ பத்தோதான் இருக்கும். பேண்ட் 40 மொத்தம் 100 மெகாஹெர்ட்ஸ் அகலம். 4ஜில 20 மெகாஹெர்ட்ஸ் துண்டு ஒன்னு, ரெண்டு ஆன்டெனாவோட, பேப்பர்ல 150 எம்பிபிஎஸ் வரைக்கும் தரும், அஞ்சு மெகாஹெர்ட்ஸ் துண்டு அதுல கால்வாசி. அதுவும் உங்களுக்கு மட்டும் இல்ல, அந்த டவர் பக்கம் பாத்துட்டு இருக்கற அத்தனை பேருக்கும் சேத்து.

பங்கு போடறது எப்படின்னா, 20 மெகாஹெர்ட்ஸை 100 பாத்தியா வெட்டிக்கும், ஒரு நொடில ஆயிரத்துல ஒரு பங்கு நேரத்துக்கு ஒருக்கா, இந்தப் பாத்தி இவனுக்கு, அந்தப் பாத்தி அவனுக்குன்னு டவர் மடை மாத்தி விட்டுக்கிட்டே இருக்கும். பக்கத்துல இருக்கற போனுக்கு ஒரு பாத்திலயே நெறைய டேட்டா அடுக்கி அனுப்பலாம், தூரத்துல மொனகிட்டு இருக்கற போனுக்கு மெதுவா, திருத்தமா, திரும்பத் திரும்பச் சொல்லணும், அதே டேட்டாவுக்கு நாலஞ்சு பாத்தி செலவாகும். ராத்திரி எட்டு மணிக்கு மேல ஊரே போனைத் தூக்கினா என்னாகும்னு யோசிச்சுக்கங்க. திரைல தெரியற நாலு பாயிண்ட் சிக்னல் எவ்ளோ பலமா வருதுன்னு மட்டும்தான் சொல்லும், எத்தனை பேர் கூட்டம் நிக்குதுன்னு சொல்லாது.

இப்ப அந்த அமெரிக்கா போனுக்கு வர்றேன். மாடல் நம்பர் வச்சுத் தேடிப் பாத்தா, அதுல அந்த நாட்டுக்கான பேண்ட் வண்டி வண்டியா இருக்கு, 2, 4, 12, 13, 66ன்னு. நம்ம ஊர்ல ஓடறதுல அதுக்குத் தெரிஞ்சது பேண்ட் 5 ஒன்னுதான், 850 அங்கயும் இங்கயும் பொது. பேண்ட் 3 இல்ல, பேண்ட் 40 இல்ல. ஆக எங்க டவர்ல 850, 1800, 2300ன்னு மூனு வாய்க்கால் ஓடினாலும் இது சொட்டுநீர் டியூப்பை மட்டும் புடிச்சுத் தொங்குது. கீழ்ப் பேண்டா இருக்கறதால சிக்னல் பலமா வரும், அதான் நாலு பாயிண்ட். ஆனா தூரத்துல இருக்கறவன், வீட்டுக்குள்ள இருக்கறவன், மலைக்குப் பின்னால இருக்கறவன் எல்லாரும் வேற வழியில்லாம வந்து குவியற பேண்டும் அதேதான், அகலமும் கம்மி, கூட்டமும் ஜாஸ்தி. எங்கப்பா போன் 2300க்குத் தாவிக்கும், 1800லயும் நிக்கும், போனும் டவரும் ஒத்துக்கிட்டா ரெண்டையும் சேத்தே இழுக்கும்.

இதுல இன்னொரு குழி இருக்கு. பெட்டில 700 மெகாஹெர்ட்ஸ் சப்போர்ட்னு போட்டிருக்கும், நம்மளும் நம்ம 700தானேன்னு நம்பிருவோம். நம்ம 700 பேண்ட் 28, அதுல டவர் பேசறது 758லருந்து 803 வரைக்கும். அமெரிக்காவோட 700ல பேண்ட் 12ன்னா டவர் பேசறது 729லருந்து 746, பேண்ட் 13ன்னா 746லருந்து 756. பேரு ஒன்னு, ஊரு வேற. அந்தப் போனுக்கு நம்ம 700 காதுலயே விழாது.

சரி, அறுபதாயிரம் ரூவா போனுக்கு ஒரு அப்டேட் குடுத்து பேண்ட் 40 சேத்துவிட முடியாதான்னு கேட்டான் தம்பி. முடியாது, அது உள்ள இருக்கற சாமான் சமாச்சாரம், எனக்கு இதுல ரொம்பப் புடிச்ச இடமும் இதான். போன் பேசறப்ப வெளிய விடற பவர் அதிகபட்சம் 0.2 வாட் பக்கம், டவரோட எல்லைல நிக்கறப்ப திரும்ப வந்து சேர்றது அதைவிட ஆயிரம் கோடி மடங்குக்கும் மேல சன்னமான சத்தம். அதுவும் 850, 1800ல எல்லாம் போன் பேசிக்கிட்டே அதே நேரத்துல கேக்கவும் செய்யணும். பம்பை அடிக்கறவன் பக்கத்துல நின்னுக்கிட்டு, அடுத்த ஊர்ல ஒருத்தன் ரகசியம் பேசறதை ஒட்டுக்கேக்கற மாதிரி. நடுவுல ஒரு சல்லடை இல்லன்னா ஒன்னும் நடக்காது.

அந்தச் சல்லடைக்குத்தான் ஃபில்டர்னு பேரு. ஒரு சின்ன படிகத் துண்டு, மேல மெல்லிசா உலோகக் கோடு, சீப்புப் பல்லு மாதிரி ரெண்டு பக்கத்துலருந்தும் கோத்திருக்கும். வர்ற ரேடியோ சிக்னலை இது அதிர்வா மாத்திரும், நெசமாவே அந்தக் கல்லு மேல ஒரு நடுக்கம் ஓடும், ஓடி அந்தாண்ட இன்னொரு சீப்புல திரும்ப மின்சாரமா மாறிக்கும். ரேடியோ அலை நொடிக்கு மூனு லட்சம் கிலோமீட்டர் போகுது, கல்லு மேல ஓடற நடுக்கம் நொடிக்கு மூனு நாலு கிலோமீட்டர்தான், அதனால ஒரு அடி நீள அலை சுருங்கி ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல நாலு பங்கு ஆயிருது. சீப்புப் பல்லு எவ்ளோ இடைவெளில இருக்கோ அதுக்குப் பொருந்தற அலை மட்டும் தாண்டும், மத்தது அங்கயே செத்துரும். ஆக 850க்கு வெட்டின சீப்பு 850க்குத்தான், சாஃப்ட்வேர் போட்டு பல்லை நகத்த முடியாது. ஒவ்வொரு பேண்டுக்கும் ஃபில்டர், அதுக்கு ஏத்த ஆம்ப்ளிஃபையர், ஆன்டெனா, எல்லாத்துக்கும் காசு, எல்லாத்துக்கும் எடம். அதான் ஒரே பேர்ல இருக்கற போனை கம்பெனிக்காரன் அமெரிக்காவுக்கு ஒரு மாடல் நம்பர், இந்தியாவுக்கு ஒரு மாடல் நம்பர்னு பிரிச்சு விக்கறான்.

சில சமயம் இதுக்கு நேர்மாறாவும் நடக்கும், சாமான் உள்ள இருக்கும், பூட்டு மட்டும் போட்டிருக்கும். நம்ம நாட்டுல 5ஜி 2022 அக்டோபர் 1ல ஆரம்பிச்சாங்க, ஐபோன் 12லயும் அதுக்கப்புறம் வந்ததுலயும் 5ஜி சாமான் இருந்தும் டிசம்பர்ல அப்டேட் வந்த பின்னாடிதான் இங்க 5ஜி புடிச்சுது.

5ஜின்னா தனி மந்திரம்னு ஒன்னும் இல்ல, பெரிய வித்தியாசம் வாய்க்கால் அகலம். என்78னு ஒரு பேண்ட், 3300லருந்து மேல, அதுல ஒரே துண்டு 100 மெகாஹெர்ட்ஸ் அகலம் வரைக்கும் போகலாம், 4ஜி துண்டு மாதிரி அஞ்சு. ஆனா 3300 குட்டை அலை ஆச்சே, அதனால டவர்ல ஒரு பலகைல நெறைய குட்டி ஆன்டெனா அடுக்கி, உங்க போன் இருக்கற பக்கமா டார்ச் அடிக்கற மாதிரி குவிச்சு அனுப்புது. தர்மபுரி பஸ் ஸ்டாண்டுகிட்ட அது ஜோரா வேலை செய்யும், டவுனை விட்டு மூனு கிலோமீட்டர் வெளிய வந்தா கஷ்டம்தான். அங்க ஜியோ 700ல விட்டிருக்கற என்28 மாதிரி ஏதாவது இருந்தாத்தான் 5ஜின்னு எழுத்தாவது காட்டும், ஆனா அகலம் பத்து மெகாஹெர்ட்ஸ், நல்ல 4ஜியைவிட வேகமா இருக்கும்னு எதிர்பாக்காதீங்க. 2020, 2021ல வந்த சில 5ஜி போன்ல என்78 மட்டும்தான், பழைய போன் வாங்கறவங்க அதைப் பாக்கணும். ஜியோ 5ஜி தனியா நிக்கற வகை, எஸ்ஏன்னு சொல்றது, ஏர்டெல் ஆரம்பிச்சது 4ஜியைக் கையப் புடிச்சு நடக்கற என்எஸ்ஏ வகைல. போன்ல பேண்ட் இருந்தாலும் இந்த வகை ஒத்துக்கணும்.

அப்லோடு ஏன் நொண்டுதுன்னு ஓசூர்ல ஒரு ஃப்ரெண்டு கேட்டான், வீடியோ பாக்க முடியுது, போட்டோ அனுப்ப மட்டும் சுத்துதுன்னு. டவர் பெரிய மைக்கு, பத்து இருபது வாட்லருந்து அதுக்கு மேலயும் பேசும், நம்ம போன் 0.2 வாட். டவர் பேசறது நமக்குக் கேக்குது, நாம பேசறது அதுக்குக் கேக்கல. அவனுக்கு இன்னொரு தலைவலியும் உண்டு, அத்திப்பள்ளி வந்தாலே கர்நாடகா சர்க்கிள், சர்க்கிள்னா போன் கம்பெனிகளுக்குன்னு பிரிச்ச ஏரியா, அலைவரிசை ஏலம் சர்க்கிள் வாரியாத்தான், அதே கம்பெனியா இருந்தாலும் அந்தாண்ட வேற பேண்ட், வேற அகலம். ஒகேனக்கல்ல பரிசல்ல போறப்ப போன் சில நேரம் ஆத்துக்கு அக்கரைல இருக்கற டவரைப் புடிச்சுக்கறதும் இதே கதைதான்.

உங்க போன் இப்ப எந்த பேண்ட்ல நிக்குதுன்னு பாக்கணும்னா ஐபோன்ல *3001#12345#* அடிச்சு கால் பட்டனை அமுக்குங்க, சாம்சங்ல *#0011#, மத்த ஆண்ட்ராய்டு பலதுல *#*#4636#*#*. ஆர்எஸ்ஆர்பின்னு சிக்னல் பலத்தைச் சொல்ற ஒரு நம்பர் மைனஸ்ல வரும், மைனஸ் 80 பக்கம்னா ஜோரு, மைனஸ் 110ன்னா எல்லைல நிக்கறீங்க, பத்து கொறைஞ்சா பத்து மடங்கு கம்மின்னு அர்த்தம். வாங்கறதுக்கு முன்னாடின்னா பேரை நம்பாதீங்க, செட்டிங்ஸ்லயோ பெட்டிலயோ இருக்கற மாடல் நம்பரை எழுதிக்கிட்டு, அந்த நம்பருக்கு என்ன பேண்ட்னு பாருங்க. கடைக்காரர் "5ஜி போன்ங்க, எல்லாம் வரும்"னுவார். கேமரா எத்தனை மெகாபிக்சல்னு அரை மணி நேரம் பேசறவங்க இந்த ஒரு வரியைப் படிக்க மாட்டேங்கறாங்கன்னு எனக்குக் கொஞ்சம் கடுப்புதான்.

அமெரிக்கா போனை நான் தூக்கிப் போடல, கேமரா அருமையா இருக்கு. வைஃபைக்கு ஊருக்கு ஊர் இவ்ளோ வம்பு இல்ல, 2.4 கிகாஹெர்ட்ஸ் எல்லா நாட்டுலயும் கிட்டத்தட்ட ஒன்னுதான். அதனால சிம்மு எங்கப்பா போன்ல, அதுலருந்து ஹாட்ஸ்பாட் போட்டா அமெரிக்கா போனு நெசமாவே பறக்குது. என்ன, அப்பா கொல்லைக்குக் கெளம்பினா நெட்டும் கூடவே கெளம்பிருது.