நீராவி எஞ்சினை 76 மடங்கு சுருக்கினால்

ரயில் எஞ்சினின் சிறிய மாதிரியை நாமே கட்டுவதற்கான பித்தளை கிட் ஒன்றை முதன்முதலாகத் திறப்பவருக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். பெட்டி மேல் கம்பீரமாக ஒரு நீராவி எஞ்சின் நிற்கும். உள்ளே இருப்பதோ, அரை மில்லிமீட்டர்கூடத் தேறாத சில தகடுகள், ஒரு சின்னப் பையில் சாம்பல் நிற வார்ப்புகள், வரைபடம் போட்ட சில காகிதங்கள். சக்கரம், மோட்டார், கியர் எல்லாம் பெரும்பாலும் தனியாக வாங்க வேண்டியவை. இந்தத் தட்டைத் தகட்டிலிருந்து ஓடுகிற எஞ்சின் எப்படி வருகிறது? நீள அகலங்களைச் சுருக்கிவிடலாம். வெப்பத்தையும் உராய்வையும் வெளிச்சத்தையும் அதே கணக்கில் சுருக்க முடியாது. மாதிரி கட்டுபவரின் பாடு முழுக்க இங்கேதான் இருக்கிறது.

உதாரணத்துக்கு, பிரிட்டனின் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேக்காக உருவான 5700 வகை எஞ்சினை எடுத்துக்கொள்வோம். 1929 முதல் 1950 வரை 863 எஞ்சின்கள் இந்த வகையில் கட்டப்பட்டன. கழுதை முதுகில் பொதி ஏற்றியது போல, கொதிகலனின் இரு பக்கமும் தண்ணீர்த் தொட்டிகள் தொங்கும். பன்னியர் டாங்க் என்பார்கள். சிலிண்டர்கள் சட்டங்களுக்கு நடுவே மறைந்திருப்பதால், வெளியே தெரிவது ஆறு சக்கரங்களும் அவற்றை இணைக்கும் தண்டுகளும்தான். முதல் கிட்டுக்குத் தோதான எஞ்சின். ஓஓ அளவில், அதாவது 1 அடிக்கு 4 மி.மீ. என்ற கணக்கில், நிஜம் 76.2 மடங்கு சுருங்கி சுமார் 12.5 செ.மீ. நீளத்துக்கு வந்துவிடும்.

ஓஓ அளவில் ஒரு பழைய வினோதம் உண்டு. நிஜத் தண்டவாளங்களின் இடைவெளி 1,435 மி.மீ. 76.2-ஆல் வகுத்தால் 18.83 மி.மீ. வர வேண்டும். ஆனால் கடையில் விற்கிற தண்டவாளம் 16.5 மி.மீ. தான். ஐரோப்பாவில் 1 அடிக்கு 3.5 மி.மீ. என்ற எச்ஓ அளவுக்கு அது சரியான இடைவெளி. பிரிட்டிஷ் எஞ்சின்களோ உருவத்தில் சிறியவை. அந்தக் காலத்து மோட்டார்கள் அவற்றுக்குள் அடங்கவில்லை. எனவே உடலை மட்டும் 4 மி.மீ. கணக்குக்குப் பெரிதாக்கி, தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். நேர் முன்னால் இருந்து பார்த்தால் ஓஓ எஞ்சின் கால்களை ஒடுக்கி நிற்பது போலத் தெரிவதற்கு இதுதான் காரணம். பொறுக்காதவர்கள் 18.83 மி.மீ. பாதையைத் தாங்களே போட்டுக்கொள்கிறார்கள். தனி மதம் மாதிரி அது.

சரி, தகட்டுக்கு வருவோம். அதை யாரும் கத்தரித்து எடுப்பதில்லை, அமிலக் கரைசல்தான் அரித்து எடுக்கிறது. தகட்டின் இரு பக்கமும் ஒளிக்கு இறுகும் பூச்சைத் தடவி, வரைபடப் படச்சுருளை வைத்துப் புறஊதா ஒளியைப் பாய்ச்சுவார்கள். இறுகாத பூச்சைக் கழுவிவிட்டு ஃபெர்ரிக் குளோரைடு கரைசலில் விட்டால், மூடப்படாத இடங்களில் உலோகம் கரைந்துபோகும். இரு பக்கமும் திறந்திருந்தால் முழு ஓட்டை. ஒரு பக்கம் மட்டும் திறந்திருந்தால் பாதி ஆழத்துக்கு ஒரு பள்ளம். அந்தப் பாதி ஆழக் கோடுகள்தான் மடிப்புகள். பள்ளம் உட்புறமாக வரும்படி மடித்தால் தகடு சரியான இடத்தில் கூர்மையாக மடங்கும். பின்பக்கத்தில் புள்ளி புள்ளியாக இருக்கும் குழிகளில் மொட்டை ஊசியை வைத்து அழுத்தினால், முன்பக்கம் ரிவெட் தலைகள் எழும்பும். கரைசல் கீழ்நோக்கி மட்டும் அல்ல, பக்கவாட்டிலும் அரிக்கும். அதனால் வெட்டு விளிம்பின் நடுவில் மெல்லிய கூர்முனை ஒன்று நிற்கும். விரல் நகத்தை ஓட்டினால் தட்டுப்படும். அரத்தால் அதைத் தேய்க்காமல் இரண்டு தகடுகளை ஒட்டவைத்தால் இடையில் சந்து விழும்.

அடுத்தது சால்டரிங், அதாவது எளிதில் உருகும் ஈயக் கலவையை உருக்கித் துண்டுகளைப் பற்றவைப்பது. பசை போட்டும் கட்டலாம், ஆனால் என்னைக் கேட்டால் உலோகத்துக்கு ஈயம்தான். பித்தளை வெப்பத்தை வேகமாகக் கடத்தும். ஒரு மூலையில் சூடு வைத்தால் தகடு முழுக்க அதைப் பரப்பிவிடும். செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த நிக்கல் சில்வர் ஏறக்குறைய அதில் நாலில் ஒரு பங்குதான் கடத்தும். வைத்த இடத்திலேயே சூடு நிற்பதால் வேலை சுலபம். பெயரில்தான் சில்வர், வெள்ளி துளியும் கிடையாது.

எஞ்சினில் நூற்றுக்கணக்கான துண்டுகள். புதிதாக ஒன்றைப் பற்றவைக்கும்போது பக்கத்தில் ஏற்கெனவே பற்றவைத்தது கழன்றுவிடக் கூடாது. அதற்காகவே வெவ்வேறு வெப்பத்தில் உருகும் ஈயங்கள் இருக்கின்றன. முதலில் பெரிய இணைப்புகளுக்கு 188 டிகிரி, அதன் மேல் வரும் சின்னச் சின்ன வேலைக்கு 145 டிகிரி, கடைசியாக வார்ப்புகளுக்கு 70 டிகிரி. புகைபோக்கி, கொதிகலன் மேல் குமிழாக நிற்கும் டோம் போன்ற வார்ப்புகள் ஈயமும் வெள்ளீயமும் கலந்த மென் உலோகம். சாதாரணச் சூட்டுக்கோலின் முனை 350 டிகிரி இருக்கும். அது பட்டால் புகைபோக்கி நொடியில் உருகிக் குட்டையாகத் தேங்கிவிடும். 70 டிகிரி ஈயம் பித்தளையில் நேரடியாகச் சரியாகப் பிடிக்காது. பித்தளை மேல் முதலில் 145 டிகிரி ஈயத்தை மெல்லிசாகப் பூசிவிட்டு, அதன் மேல்தான் வார்ப்பை ஒட்ட வேண்டும். இதில் ஒரு வசதியும் உண்டு. டோம் கோணலாக உட்கார்ந்துவிட்டதா? கொதிக்கிற தண்ணீரில் போடுங்கள். 100 டிகிரியில் அது மட்டும் கழன்று வரும், மற்ற இணைப்புகள் அசையாது.

ஆக்சைடைக் கரைக்கப் பூசும் ஃப்ளக்ஸ் பெரும்பாலும் பாஸ்பாரிக் அமிலம். வேலை முடிந்த அன்றே கழுவிவிட வேண்டும். விட்டால் பச்சைக் களிம்பு பூக்கும், அப்புறம் பெயின்ட்டுக்கு அடியிலும் அது வேலையைக் காட்டும்.

உடலைக் கட்டுவது பொறுமைக்குச் சோதனை என்றால், அடிச்சட்டம் துல்லியத்துக்குச் சோதனை. மோட்டார் சுழற்றுவது ஒரே ஒரு அச்சைத்தான். மற்ற இரண்டையும் இழுப்பது பக்கவாட்டுத் தண்டுகள். நிஜ எஞ்சினில் இரண்டு சிலிண்டர்களும் ஒரே கோணத்தில் தள்ளினால், இரண்டு பிஸ்டனும் ஒன்றாகக் கோடியில் நிற்கும் நொடியில் எஞ்சின் நகரவே நகராது. அதனால் இடப் பக்கக் கிராங்குக்கும் (தண்டு பிடித்து அச்சைச் சுற்றும் கைப்பிடி போன்ற பகுதி) வலப் பக்கக் கிராங்குக்கும் இடையே 90 டிகிரி விட்டிருப்பார்கள். மாதிரியில் நீராவி இல்லை, ஆனாலும் அந்த 90 டிகிரி வேண்டும். ஒரு பக்கத் தண்டு நேர்கோட்டில் வந்து எந்தப் பக்கம் சுற்றுவது என்று தடுமாறும்போது, மறுபக்கத் தண்டு முழு நெம்புவிசையோடு அச்சைச் சுற்றிவிடும்.

இதில் பலர் 90 என்ற எண்ணையே பிடித்துக்கொண்டு அவதிப்படுவார்கள். மூன்று அச்சும் 88 டிகிரியில் இருந்தாலும் எஞ்சின் வழுக்கிக்கொண்டு ஓடும். இரண்டு 90-ல் இருந்து ஒன்று மட்டும் 89 ஆனால்தான் சிக்கல். கிராங்கின் ஆரம் சுமார் 4 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 1 டிகிரி பிசகுக்குத் தண்டின் துளை 0.07 மி.மீ. தள்ளிப்போகும். துளையில் விட்டிருக்கும் தளர்வும் ஏறத்தாழ அவ்வளவுதான். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் எஞ்சின் விக்கினால் காரணம் பெரும்பாலும் இதுதான். துளையை அகலப்படுத்தினால் விக்கல் நிற்கும், ஆனால் தண்டு லொடலொடக்கும். மோட்டார் இல்லாமல் ஒரு கண்ணாடிப் பலகையைச் சாய்த்து, அடிச்சட்டம் தானாக உருள்கிறதா என்று பார்ப்பது நல்ல சோதனை. முனைகள் சதுரமாக இருக்கும் அச்சுகளை வாங்கினால் கோணம் தானாகவே அமைந்துவிடும்.

எடை விஷயத்தில் கணக்கு கொடூரமானது. நீளம் 76 மடங்கு குறைந்தால் கனஅளவு 76-இன் மும்மடியில் குறையும். 48 டன் எஞ்சின் சுமார் 109 கிராமாகிவிடும். ஆனால் பெட்டிகளின் அச்சு உராய்வு அதே விகிதத்தில் குறைவதில்லை. 109 கிராம் எஞ்சினால் பெரிய வண்டியை இழுக்க முடியாது, சக்கரம் இருந்த இடத்திலேயே சுழலும். ஆகவே தொட்டிகளின் உள்ளே ஈயத்தை அடைப்பார்கள், எடையின் மையம் நடு அச்சுக்கு மேல் வரும்படி. வேகமும் அப்படித்தான்: நிஜத்தில் மணிக்கு 48 கி.மீ. என்பது மாதிரியில் நொடிக்கு சுமார் 18 செ.மீ. சக்கரமும் அதே விகிதத்தில் சின்னது என்பதால் இரண்டுமே நிமிடத்துக்கு 180 சுற்றுதான் சுற்றும். பல்லாயிரம் சுற்று சுற்றுகிற மோட்டாரை அந்த அளவுக்கு அடக்க, திருகு ஒன்று பற்சக்கரத்தைச் சுற்றும் வார்ம் கியர் தேவைப்படுகிறது.

இனி பெயின்ட். முதலில் உலோகத்தைக் கடித்துப் பிடிக்கிற எட்ச் பிரைமர். அதன் மேல் ஏர்பிரஷ்ஷால் மெல்லிய பூச்சுகள். மாதிரியில் 0.1 மி.மீ. தடிமன் என்பது நிஜத்தில் ஏழரை மி.மீ.; கஷ்டப்பட்டு எழுப்பிய ரிவெட் எல்லாம் அதில் முழுகிப்போகும். எண்களையும் எழுத்துகளையும் ஒட்டுப்படமாக ஒட்டும்போது அடித்தளம் பளபளப்பாக இருக்க வேண்டும். மங்கலான பரப்பு நுண்ணிய மேடுபள்ளம் நிறைந்தது. படலத்துக்கு அடியில் காற்று சிக்கி வெள்ளியாக மின்னும். ஒட்டிய பிறகு அரைப் பளபளப்பு வார்னிஷ் அடித்தால் பளபளப்பு அடங்கிவிடும்.

நிஜ எஞ்சினின் அதே கறுப்பை அடித்தால் மாதிரி தார் உருண்டை போலத் தெரிகிறது. அரை மீட்டர் தூரத்தில் இருந்து மாதிரியைப் பார்ப்பது நிஜத்தை 38 மீட்டரில் இருந்து பார்ப்பதற்குச் சமம், இடையில் உள்ள காற்று நிறத்தை வெளுக்கச் செய்யும் என்று பலர் விளக்கம் சொல்கிறார்கள். 38 மீட்டரில் காற்று அப்படி என்ன மங்கலாக்கிவிடும்? வெளிச்சம்தான் காரணம் என்பது என் கட்சி. வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் கணக்கில் நண்பகல் வெயில் ஒரு லட்சம்; வீட்டு அறையில் சில நூறு, அந்தக் குறைந்த வெளிச்சத்தில் அதே கறுப்பு இன்னும் இருண்டு தெரியும். எனவே கறுப்பில் கொஞ்சம் வெள்ளையோ பழுப்போ கலந்து கரும்சாம்பலாக அடிப்பது நல்லது.

கறுப்பு பிடிக்காவிட்டால் வேறு வழியும் உண்டு. 1956 முதல் 1963 வரை லண்டன் டிரான்ஸ்போர்ட் இந்த எஞ்சின்களில் 13-ஐ வாங்கி மெரூன் அடித்து, 1971 வரை வேலை வாங்கியது. அழுக்குப் பூசுவதாக இருந்தால் கற்பனையை நம்பாமல், நீங்கள் போடப்போகும் எண்ணுள்ள எஞ்சினின் புகைப்படத்தை முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். சிலது துடைத்துத் துடைத்துப் பளபளத்தன, சிலதில் எண்ணே தெரியவில்லை.

எல்லாம் முடிந்ததும் சக்கரங்கள் தண்டவாளத்தைத் தொடும் விளிம்பில் ஒட்டிய பெயின்ட்டைத் தின்னரில் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள். மோட்டாருக்கான 12 வோல்ட் அந்த வழியாகத்தான் ஏறி வருகிறது.